புவியியல் வீட்டுவேலையும் உங்கள் போனும்

அன்புள்ள பெற்றோருக்கு,

இந்தத் தவணையிலிருந்து தரம் 7, 8 பிள்ளைகளுக்கு உலகப் புவியியலைத் தேசப்படப் புத்தகத்தோடு, உலக உருண்டையைப் போனில் உருட்டிப் பார்க்கும் கூகுள் எர்த் செயலியிலும் படிப்பிக்கிறோம். ஆகவே "புவியியல் வீட்டுவேலை" என்று சொல்லிப் பிள்ளை போனைக் கேட்டால் நம்பிக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடாதீர்கள், அவ்வளவுதான். தனியே விட்டால் பிள்ளை முதலில் தேடுவது சொந்த வீட்டுக் கூரையை, அடுத்தது யூடியூப்பை.

பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். வகுப்பில் நாங்கள் கேட்டது இது: திருகோணமலையிலிருந்து அதே அகலக்கோட்டில் நேர் மேற்கே போனால் எந்தெந்த ஊர் வரும்? நாம் இருப்பது வடக்கு 8.6 பாகையளவில். விரலால் உலகத்தை உருட்டிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு முதலில் திருவனந்தபுரம் அகப்பட்டது. பிறகு அரபிக்கடல், சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா. ஆப்பிரிக்கா முடிகிற கரையில் சியரா லியோனின் தலைநகர் ஃபிரீடவுன். பெரிதாக்கிப் பார்த்தால் அதுவும் ஓர் இயற்கைத் துறைமுகம். "சேர், நம்மட ஊர் மாதிரியே கடல் உள்ளுக்க வருது" என்றாள் ஒருத்தி. ஃபிரீடவுன் என்ற பெயரை அந்த வகுப்பு இனி மறக்காது.

சுவரில் தொங்கும் உலகப்படத்தையும் போனில் உள்ள உருண்டையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். மேர்கேட்டர் என்ற தேசப்பட வரைஞர் 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த முறையில் துருவப் பக்கம் போகப்போக நிலம் இழுபட்டுப் பெரிதாகும். அதனால் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

கட்டாரில் அப்பாவோ வாப்பாவோ இருந்தால் வேலை இன்னும் சுலபம். தோஹாவைத் தேடிக் கோடு இழுத்துத் தூரம் அளக்கட்டும், இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே ஏன் ஐந்தரை என்று அவரிடமே கேட்கட்டும்.

சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருந்து நம் கரைவரைக்கும் அளந்தால் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை அதைச் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் கடந்தது. ஆழ்கடலில் அது விமான வேகம். இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அந்த நாளைப் பற்றிப் பேச மனம் வராத வீடுகளில் இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள், நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

பரீட்சையில் வருவது கடதாசித் தேசப்படம்தான். ஆகவே போனை மூடியதும் பார்த்த நாடுகளை வெற்றுப் படத்தில் பிள்ளை குறிக்க வேண்டும். அப்புறம், செய்மதிப் படம் டேட்டாவை நிறையத் தின்னும். கூகுள் மேப்ஸின் சாதாரணப் படத்தில் பார்த்தால் அவ்வளவு போகாது.

இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம். வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு கணினி அறை திறந்திருக்கும். அன்று வீட்டுக்கு வர மூன்று மணியாகும், பகல் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து விடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்