எங்கள் மொட்டைமாடிக்கு வெள்ளை வேட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

மும்பை வடாலா கிழக்கில் இருக்கும் எங்கள் சாலில் (பல குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் மாடிக் கட்டடம்), இந்த மாசியில் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டோம். மூன்று வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான். சாயங்காலம் அத்தை வேட்டியை உதறி மடித்தபோது அது வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். எங்களுக்குக் கிழக்கே ஒரு கரிக்கிடங்கு. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, நன்றி மடலில் அது வேண்டாம். லாரி லாரியாக நிலக்கரி வந்து இறங்கும், திறந்தவெளியில் மலையாகக் குவியும், அப்புறம் வேறு லாரிகளில் ஏறிப் போகும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டால் ஒன்பது மணிக்குள் அதன் மேல் கறுப்பாக ஒரு படலம் விழுந்திருக்கும். குடத்தின் மூடியில், குழந்தையின் பால் புட்டியில், ஜன்னல் கம்பியில், எங்கே விரலை வைத்தாலும் கரி. இருமல் இல்லாத வீடு எங்கள் வரிசையில் ஒன்றுகூட இல்லை.

யாரிடம் சொல்வது என்றே எங்களுக்கு முதலில் தெரியவில்லை. இரண்டு மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தோம். "சயானுக்குப் போங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கேதான் இருக்கிறது" என்று சொன்னவர் அடுத்த வரிசையில் இருக்கும் மராத்தி தாயி (மராத்தியில் அக்கா). சொன்னதோடு விடாமல் மராத்தியில் மனுவையும் அவரே எழுதி, தன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு எங்களோடு வந்தார். தாயி, முதல் நன்றி உங்களுக்கு.

அன்று அத்தை ஒரு காரியம் செய்தார். கரி படிந்த வடகத் துணியை அப்படியே மடித்துப் பையில் எடுத்து வந்து, வாரியத்தின் கள அலுவலர் அம்மாவின் மேசையில் விரித்துவிட்டார். நான் பதறிப்போனேன். அந்த அம்மா கோபப்படவில்லை. துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை வைத்து நான் நோட்டீஸ் கொடுக்க முடியாது. ஆனால் எங்கே, எப்போது விழுகிறது என்று எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். எங்களுக்கு வழி கிடைத்தது அந்த வார்த்தையில்தான்.

எழுதியது எங்கள் தாத்தா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி தேதி, நேரம், லாரி எண்ணிக்கை, கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று நாள் தவறாமல் குறித்தார். மும்பையில் பகலில் காற்று கடல் பக்கமிருந்து, மேற்கேயிருந்து வரும். குளிர்காலத்தில் இரவிலும் விடியலிலும் திரும்பிக் கிழக்கேயிருந்து வீசும். கரி எங்கள் மேல் விழுந்தது அந்த நேரத்தில்தான். மழைக்காலப் பக்கங்களில் அனேகமாக ஒன்றுமே இல்லை. நோட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் புரியும்.

சட்டம் படிக்கும் எங்கள் மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு என்ன சொல்வது! 1981-ஆம் வருடக் காற்று மாசுச் சட்டத்தை எங்களை உட்கார்த்தி வைத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தவள் அவள். இப்படி ஒரு தொழில் நடத்த மாநில வாரியத்தின் இசைவு வேண்டும், கன்சென்ட் என்கிறார்களே அது. அதில் நிபந்தனைகள் இருக்கும். மீறினால் 31ஏ பிரிவின்படி மூடச் சொல்லவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. வாரியத்தின் இணையதளத்திலிருந்தே அந்தக் கிடங்கின் இசைவுக் கடிதத்தை எடுத்து வந்தாள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குவியல் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், சுற்றிலும் காற்றுத் தடுப்பு வேண்டும், லாரிக்குத் தார்பாய் போட வேண்டும், வெளியே போகும் சக்கரத்தைக் கழுவ வேண்டும். எல்லாமே எழுதியிருந்தது. நாங்கள் புதிதாகக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. எழுதியதைச் செய்கிறார்களா என்று பார்க்க மட்டும் ஆள் இல்லை.

பிறகு வாரியத்திலிருந்து அளவெடுக்க வந்தார்கள். பெட்டி மாதிரி ஒரு கருவியை மொட்டைமாடியில் வைத்தார்கள். இரவெல்லாம் உறுமிக்கொண்டே காற்றை இழுத்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் வெள்ளை வடிதாளை மாற்றினார்கள். தாளை முன்பும் பின்பும் எடை போட்டுப் பார்த்து, இழுத்த காற்றின் கன அளவால் வகுத்தால் தூசியின் அளவு தெரியும் என்று ஒரு தம்பி பொறுமையாகச் சொன்னார். விடியற்காலையில் எடுத்த தாள் சாம்பல் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தது. அந்தத் தம்பி எங்களிடம் டீகூட வாங்கவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார்.

பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) வரையுள்ள தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009-இல் வந்த தேசிய அளவு. எங்கள் மாடி அதைத் தாண்டியிருந்தது. ஆனால் ரோட்டுப் புழுதியும் கட்டட வேலையும் அதில் சேர்ந்திருக்கும், எண் மட்டும் போதாது என்று கள அலுவலர் அம்மா நேர்மையாகவே சொன்னார். அதனால்தான் தாத்தாவின் நோட்டையும் கிடங்கில் தான் கண்டதையும் சேர்த்து அறிக்கை எழுதினார்.

இனி சொல்லப் போகும் நன்றிதான் எனக்குப் பெரியது. கிடங்கில் கரி அள்ளும் அக்கா, அண்ணன்மார்களே, தண்ணீர் பம்ப் யாராவது பார்க்க வரும் நாளில் மட்டும்தான் ஓடுகிறது என்று சொன்னது நீங்கள். தினக்கூலி போய்விடும் என்று தெரிந்தே சொன்னீர்கள். எங்கள் மேல் காற்றில் வந்தது, நீங்கள் நாளெல்லாம் கையால் அள்ளுவது. உங்கள் நெஞ்சுக்குள் போனதற்குக் கணக்கே இல்லை. மூடிவிட வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் நீங்கள்தான். எல்லாவற்றையும் சரிசெய்து காட்டும்வரை புதுக் கரி இறக்கக் கூடாது என்று வாரியம் உத்தரவு போட்டது, மீறினால் எடுத்துக்கொள்ள வங்கி உத்தரவாதப் பணமும் கேட்டது. வேலையில்லாத அந்த நாட்களில் உங்கள் வீடுகளுக்கு அரிசி கொண்டு வந்த பக்கத்து ஆன்டாப் ஹில் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும், இருமலுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்த கிளினிக் டாக்டருக்கும் எங்கள் கும்பிடு.

இப்போது தடுப்புச் சுவர் நிற்கிறது. குவியல் அதன் உயரத்துக்குக் கீழேயே இருக்கிறது. தெளிப்பான் விடியலிலும் ஓடும் சத்தம் கேட்கிறது. கரி முழுக்க நின்றுவிடவில்லை, ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணியில் இன்னும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்கிறது.

தாத்தாவின் நோட்டு இப்போது மூன்றாவதாக ஓடுகிறது. கை நடுங்குவதால் பேரன் எழுதுகிறான், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து காற்றுப் பக்கம் சொல்கிறார். இசைவு முடிந்து புதுப்பிக்க வேண்டிய தேதியை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். கள அலுவலர் அம்மா, அதற்குள் உங்களுக்கு இடமாற்றம் வந்துவிட்டால் உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் எங்கள் நோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வடகம் நன்றாகக் காய்ந்துவிட்டது. தாயி, உங்கள் பங்கை அத்தை தனியாக டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
சால் பெண்கள் எல்லோருக்காகவும் எழுதும்
இரண்டாம் மாடிக்காரி
வடாலா கிழக்கு, மும்பை