மிட்மார் படகுப் பயணம்: எடையைச் சொல்லிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு உள்நாட்டுப் பக்கம் இருக்கிற மிட்மார் அணைக்கு வர்றவங்க அவங்கவங்க எடையைக் கிலோவில் எனக்குத் தனியாக அனுப்புங்க, குழுவில் போட வேண்டாம்.

நாம ஏறப் போகிற பாண்டூன் படகு (குழாய் மிதவை மேல் தளம் போட்டது) தட்டையாக, அகலமாக இருக்கிறதால் எத்தனை பேர் ஏறினாலும் தாங்கும்னு தோணும். அடியில் இருப்பது இரண்டு அலுமினியக் குழாய்தான். 6 மீட்டர் நீளம், 60 செ.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய் பாதி மூழ்கி நிற்கும்போது மேலும் 720 கிலோ, அதாவது பத்துப் பேர் ஏறினால், படகு சுமார் 10 செ.மீ. இறங்கிவிடும். வேகம் குறையும், திரும்ப நேரமாகும், எஞ்சினைக் குறைத்தாலும் சட்டென்று நிற்காது. மிட்மார் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கு. காற்று அடர்த்தி குறைவு, அதனால் டர்பன் கடலோரத்தில் கிடைக்கிற எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கே கிடைக்காது.

மொத்த எடையைவிட எனக்குப் பயம் எங்கே உட்கார்கிறோம் என்பதில்தான். போன தடவை போட்டோ எடுக்க ஏழெட்டுப் பேர் முன்பக்கம் ஓடினாங்க. மூக்கு அமிழ்ந்தது, எதிர் அலை முன்கதவுக்கு அடியால் தளத்தில் ஏறி, ஆயாவோட புடவை முழங்கால்வரை நனைந்தது. குழந்தைகள் அலறின சத்தம் இன்னும் காதில் இருக்கு.

அதனால் இந்தத் தடவை இடம் நான் பிரித்துத் தருவேன். பிரியாணி அண்டாவும் ஐஸ் பெட்டியும் நடுவில். எல்லாரும் பின்னால் குவிந்தாலும் ஆபத்துதான், முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவருக்கு வழி மறைக்கும். படகு எவ்வளவு தாங்கும்னு அதில் பதித்திருக்கிற தகட்டில் ஆள் கணக்கு, கிலோ கணக்கு இரண்டும் இருக்கும், எது முதலில் நிரம்புதோ அத்தோட நிறுத்திடுவோம். மீதிப் பேர் அடுத்த சுற்றில்.

வியாழன் இரவுக்குள் அனுப்பிடுங்க.