ஈஸ்ட் ஹாம்: நம் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் உறுப்பினர் பட்டியலைத் திருத்துவதே பெரிய வேலையாகிவிட்டது. கிழக்கு லண்டனில் நம் ஈஸ்ட் ஹாமின் குணம் அப்படி. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள், வேலை நிலைக்கிறது, பிள்ளை பிறக்கிறது, அப்புறம் கார் நிறுத்த இடமும் கொஞ்சம் பெரிய தோட்டமும் தேடி இல்ஃபோர்டு, ரோம்ஃபோர்டு என்று கிழக்கே நகர்ந்துவிடுகிறார்கள். நம் தெருக்களில் இருப்பவை பெரும்பாலும் நூறாண்டு தாண்டிய, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கட்டியவர்கள் காரைப் பற்றி யோசித்திருக்க முடியாது.

போனவர்கள் ஒரேயடியாகப் போய்விடுவதும் இல்லை. சனிக்கிழமை நம் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர்களில் நம் பழைய உறுப்பினர்கள்தான் அதிகம். மகாலட்சுமி கோவிலுக்கும் சர்ச் ரோடு முருகன் கோவிலுக்கும் வருகிறார்கள், தோசை சாப்பிடுகிறார்கள், சிலர் பார்க்கிங் அபராதமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது நாம் தொடங்கிய பழக்கமும் இல்லை. இங்கிருந்த ஆங்கிலேயக் குடும்பங்கள் பல நமக்கு முன்பே கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்துக்குப் போயின. 2016-இல் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி கிரீன் ஸ்ட்ரீட் பக்கத்து மைதானத்தை விட்டுப் போகும் வரை, ஆட்ட நாள்தோறும் அவர்களும் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆகவே, இடம் மாறியவர்களும் உறுப்பினராகத் தொடர விதியைத் திருத்தும்படி செயற்குழு பரிந்துரைக்கிறது.

புகார்களில் வழக்கம்போல முதலிடம் நடைபாதையில் வீசிப்போகும் மெத்தைகளுக்கு. கவுன்சிலிடம் சொன்னால் எடுக்கிறார்கள், கொஞ்ச நாளில் அதே மூலையில் இன்னொன்று.

அதைவிட முக்கியம் வாடகை முன்பணம், அதாவது டெபாசிட். வாங்கிய 30 நாட்களுக்குள் வீட்டுக்காரர் அதை அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிந்தாக வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்பதை நம் கவுன்சிலான நியூஹாம் 2013-லேயே கொண்டுவந்தது. ஆனால் வீட்டுக்காரர் நம்மவர் என்றால் இதையெல்லாம் கேட்கவே கூச்சப்படுகிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. தாராளமாகக் கேளுங்கள், தேவைப்பட்டால் கடிதம் எழுத சங்கம் உதவும்.

கோடையில் செயின்ட் மேரி மக்தலேன் தேவாலயத்துக்கு நடந்து போனோம். 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், சுற்றிலும் காடு மாதிரி கல்லறைத் தோட்டம். பல ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களே அன்றுதான் முதல்முறை பார்த்தார்கள். இதை ஆண்டுதோறும் செய்யலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புதிய செயற்குழுவுக்கு, குறிப்பாக இளையவர்கள், கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள்.