ரசீது கிழிப்பதோடு வேலை முடிந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராமத்துச் சுற்றுலாத் தலம் என்றாலே உள்ளாட்சிக்கு முதலில் தோன்றுவது நுழைவுக் கட்டணமும் பார்க்கிங் குத்தகையும்தான். ரசீது கிழிக்க ஆள் இருக்கிறார், ஆனால் கழிப்பறைக் கதவைத் தள்ளினால் வாளி இருக்கும், தண்ணீர் இருக்காது. குப்பைத்தொட்டி ஞாயிறு மதியமே நிரம்பி வழியும், அள்ளுகிற வண்டி திங்களன்றுதான் வரும், அதற்குள் நாய்கள் பாதியை ரோட்டுக்கு இழுத்துவிடும்.

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்றொரு ஏரிக்கரைக் கிராமம். மக்கள்தொகை 800-ஐத் தாண்டாது, சீசன் நாளில் வருபவர்களோ பல ஆயிரம் பேர். 2020 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்தால்தான் உள்ளே வர முடியும், வந்தால் குறைந்தது இரண்டரை மணி நேரமாவது தங்க வேண்டும், அதாவது இறங்கி, படம் எடுத்து, குப்பையைப் போட்டுவிட்டு ஓடுகிற கதை அங்கே நடக்காது. 2023-இல் செல்ஃபிக் கூட்டத்தின் சத்தம் தாங்காமல் காட்சியை மறைத்து மரத்தடுப்பு வைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தும்விட்டார்கள். சரி, எல்லா முயற்சியும் பலிக்காதுதான். ஆனால் ஊர் எத்தனை வண்டி தாங்கும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கணக்கைப் போடாமல் புதிதாக வரவேற்பு வளைவு கட்டி என்ன பயன்? வசூலான கட்டணத்தில் துப்புரவுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று மாதாமாதம் டிக்கெட் கவுன்டர் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும். கட்டண விவரம் மட்டும் அங்கே பளிச்சென்று தெரிகிறதே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்