பிளந்த காய்க்குள் இருந்த புழு

அன்பு நண்பா,

நாலு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம்.

போன வாரம் பிடி (Bt) பருத்திக் காய் ஒன்றைப் பிளந்து பார்த்தேன். புழுவைக் கொல்லும் பாக்டீரியாப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்திதானே அது. வெளியே ஓட்டையே தெரியவில்லை. உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு கொழுகொழுவென்று விதையைத் தின்றுகொண்டிருக்கிறது! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரசாயனத்துக்குத்தான் புழு பழகும், பாக்டீரியா மருந்துக்குப் பழகாது என்று எழுதியிருந்தாயே, கண்ணாடி வாத்தியார் கேட்டிருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். அதே பிடி பாக்டீரியாவை மருந்தாகத் தெளித்ததற்கு, முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி அடங்க மறுத்தது ஹவாயில் 1990-லேயே பதிவாகிவிட்டது. அப்போது பிடி பயிர் எதுவும் விற்பனைக்கே வரவில்லை. பிடி புரதம் புழுவின் குடல் சுவரில் ஓர் இடத்தில் ஒட்டி, துளை போட்டுக் கொல்கிறது. அந்த இடம் பிறவியிலேயே மாறிப்போன புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். மற்றதெல்லாம் செத்தபின் அதன் வம்சம்தான் பெருகும். மருந்தாகத் தெளித்தாலும் செடிக்குள்ளேயே இருந்தாலும் கதை ஒன்றுதான்.

நம் நாட்டில் பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002-இல். 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதிலிருந்த ஒற்றைப் பிடி புரதத்தைத் தாண்டிவிட்டது. 2006-இல் வந்த இரட்டைப் புரதப் பருத்தியையும் சில வருடங்களில் தாண்டியது. இதே புழு அரிசோனாவில் பத்து வருடத்துக்கு மேல் அடங்கிக் கிடந்ததடா! அங்கே பக்கத்திலேயே பிடி இல்லாத பருத்தியும் போட்டார்கள். அதில் புழுவாக வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சி, பிடி செடியில் தப்பிப் பிழைத்த அந்தோடு சேர்ந்தால், பிறக்கும் குஞ்சுப் புழுக்கள் பிடி செடியைத் தின்று செத்துவிடும். பிறகு மலட்டு அந்துகளையும் பறக்கவிட்டார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இந்தப் புழு ஒழிந்தது என்றே அறிவித்தார்கள்.

இங்கேயும் விதைப் பையோடு 120 கிராம் பிடி இல்லாத விதை கொடுத்தார்கள். பெரும்பாலும் அதை யாரும் விதைக்கவில்லை. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புழுவுக்கென்று ஏன் நாலு வரிசை விடவேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து யார் சொன்னார்கள்? அதுதான் என் ஆற்றாமை.

சரி, உன் தம்பி இந்த முறையும் பருத்திதானே? கடைசிப் பறிப்பு முடிந்ததும் செடியை நிலத்தில் விட்டுவைக்க வேண்டாம் என்று சொல். மிச்சக் காய்களுக்குள்தான் புழு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். அப்புறம், பெண் அந்தின் வாசனை காட்டி ஆண் அந்தை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ராத்திரிக்கு எத்தனை அந்து விழுகிறது என்று எண்ணி எனக்கு எழுதச் சொல். நீயும் பதில் போடு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்