செயலாளரின் ஆண்டறிக்கை: கல்வி உதவி நிதி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் இந்த ஆண்டும் நல்லபடியாக நடந்தன. நைரோபியின் பார்க்லண்ட்ஸ் பகுதியில் இடம் கொடுத்து உதவியவர்களுக்கும், பொங்கலன்று விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியவர்களுக்கும் நன்றி. இவையெல்லாம் நீங்கள் கூட இருந்து பார்த்தவை. அதனால் அறிக்கையின் பெரும்பகுதியைக் கல்வி உதவி நிதிக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நீர், எரிசக்தி, வேளாண்மை, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் ஏற்கெனவே களத்தில் இறங்கி வேலை செய்யும் கென்ய இளைஞர்களின் மேற்படிப்புக்கு உதவுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். கல்லூரிக் கட்டணத்தை நாமே கட்ட நினைத்தால், நம் கையிருப்பு ஒரே ஒரு மாணவருக்குக்கூடப் போதாது. ஆனால் விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது இதுதான்: கட்டணம் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பான் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் தருகிறது. அதன் அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இங்கே பக்கத்தில் ஜூஜாவில் இருக்கிறது. நீர், எரிசக்திக்கான நிறுவனம் அல்ஜீரியாவின் த்லெம்சென் நகரில் இருக்கிறது. இந்திய அரசின் கலாச்சார உறவுகளுக்கான அமைப்பான ஐ.சி.சி.ஆர். தரும் உதவித்தொகை உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. உண்டு. மாஸ்டர்கார்டு அறக்கட்டளையின் திட்டமும் உண்டு. உதவ ஆள் கிடைக்காமல் போவது அதற்கு முந்தின கட்டத்தில், விண்ணப்பிக்கும்போதுதான். பாஸ்போர்ட்டுக்கு மட்டுமே ஏழாயிரம் ஷில்லிங்குக்கு மேல் ஆகிறது. அப்புறம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, நேர்காணலுக்கு நைரோபி வந்து போகும் செலவு. முழு உதவித்தொகைக்குத் தகுதியான பிள்ளை இந்தச் சில்லறைச் செலவில் நின்றுபோகிறது. நம் நிதியை இங்கேதான் செலவிட வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. அது சரியான முடிவு என்று இந்த ஓராண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

வடக்கே துர்கானா மாவட்டத்து லோட்வாரிலிருந்து வந்த தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஆழ்துளைக் கிணறுகளின் சோலார் பம்புகளைப் பழுது பார்க்கும் வேலை. பட்டம் வாங்கியவர், த்லெம்செனுக்கு விண்ணப்பிக்க எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் பள்ளி இறுதித் தேர்வின் அசல் சான்றிதழ் கையில் இல்லை. பழைய கட்டணப் பாக்கிக்காகப் பள்ளி அதை நிறுத்தி வைத்திருந்தது. சான்றிதழை அப்படிப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு நடப்பது இது. அவருடைய சொந்தக்காரர்கள் ஹராம்பே என்ற ஊர்கூடிப் பணம் சேர்க்கும் கூட்டம் வைத்துத் திரட்டியும் பாதிதான் தேறியது. மீதியை எம்-பெசா என்ற கைபேசிப் பணப் பரிமாற்றத்தில் நாம் கட்டினோம். சான்றிதழை வாங்கப் பள்ளிக்குப் பொருளாளரும் கூடவே போயிருந்தார். இரும்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி தன் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தாராம். விண்ணப்பம் போய்விட்டது, முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

கிசுமுவிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்தார். விக்டோரியா ஏரியை மூடிக்கொள்ளும் ஆகாயத்தாமரையை அறுத்து, நறுக்கி, சாணத்தோடு கலந்து, சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றில் எரிவாயு எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏரியின் டுங்கா கரையில் அவர் வேலையை நம் உறுப்பினர்கள் சிலர் நேரில் பார்த்தோம். மீன் பொரிக்கும் பெண்கள் இருவர் அந்த வாயுவில்தான் அடுப்பு எரிக்கிறார்கள். தண்டில் நீர் அதிகம் என்பதால் ஒரு நாள் வெயிலில் வாட விட்டால்தான் வாயு சீராக வருகிறது என்று அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். தமிழ்நாட்டு ஏரிகளிலும் இதே செடி படுத்தும் பாட்டை நாம் சொன்னபோது அவர் கேட்ட கேள்விகளுக்கு எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஐ.சி.சி.ஆர். மூலம் இந்தியாவில் முதுகலை படிக்க முயல்கிறார். ஆங்கிலத் தேர்வுச் செலவும் பாஸ்போர்ட் செலவும் நம்முடையவை.

இந்த யோசனை நமக்குப் புதிதாகத் தோன்றலாம், கென்யாவுக்குப் புதிதல்ல. 1959-ல் கென்யத் தொழிற்சங்கத் தலைவர் டாம் ம்போயா செய்தது இதைத்தான். அமெரிக்கக் கல்லூரிகள் இடம் தரத் தயாராக இருந்தன, விமானக் கட்டணம்தான் இல்லை. அவர் அந்தப் பணத்தைத் திரட்டினார். முதல் விமானத்தில் 81 பேர் போனார்கள். அடுத்த ஆண்டு அந்த வழியில் போனவர்களில் நியேரிப் பக்கத்துப் பெண் வங்காரி மாத்தாயும் ஒருவர். கான்சாஸில் உயிரியல் படித்துத் திரும்பி வந்து, 1977-ல் பசுமைப் பட்டை இயக்கம் தொடங்கி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு கோடிக்கணக்கில் மரம் நட்டார். 2004-ல் நோபல் அமைதிப் பரிசு.

தேர்வுக் குழுவுக்கு என் கருத்து ஒன்றுண்டு. திரும்பி வந்து செய்ய வேலை காத்திருப்பவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். பூமிக்குள் இருக்கும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஐஸ்லாந்து நடத்தும் புவிவெப்பப் பயிற்சியைப் பாருங்கள். 1979 முதல் நடக்கும் அந்த ஆறு மாதப் பயிற்சிக்குத் தனியாள் விண்ணப்பிக்க முடியாது. வேலை செய்யும் நிறுவனம்தான் அனுப்ப வேண்டும். மற்ற எந்த நாட்டையும்விடக் கென்யர்களே அதிகம் போய்ப் படித்தார்கள், திரும்பி வந்து ஓல்காரியா புவிவெப்ப மின்நிலையங்களில் வேலையைத் தொடர்ந்தார்கள். இன்று நாட்டின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் புவிவெப்பத்திலிருந்து வருகிறது. நமக்கு அந்த அளவு வசதி இல்லை, ஆனால் அந்த விதியைக் கடன் வாங்கலாம்.

நம் பிள்ளைகளுக்குச் செலவிடாமல் ஏன் வெளியாருக்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் குழந்தைகளுக்கான பரிசுத் தொகை தனிக் கணக்கில் இருக்கிறது, அதில் ஒரு ஷில்லிங்கும் குறையவில்லை. ஆனால் வெளியார் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நாம் சம்பாதிப்பதும் பிள்ளை வளர்ப்பதும் இந்த மண்ணில். இங்கிருந்த இந்தியர்கள் அன்றே நிதி திரட்டிக் காந்தி நினைவு அகாடமியை உண்டாக்கினார்கள். அதை எல்லா இனத்தவரும் படிக்கும் ராயல் டெக்னிக்கல் கல்லூரியோடு இணைத்தார்கள். அகாடமியை 1956-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் வந்து திறந்து வைத்தார். அந்தக் கல்லூரிதான் வளர்ந்து இன்றைய நைரோபி பல்கலைக்கழகமாகியிருக்கிறது. வளாகத்தில் காந்தி சிலையைப் பார்த்திருப்பீர்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். மாதாந்திரச் சந்தாவோடு விருப்ப நன்கொடையாக ஒரு சிறு தொகையை இந்த நிதிக்கு ஒதுக்க அனுமதி வேண்டும். விண்ணப்பக் கட்டுரை எழுத உதவவும் நேர்காணலுக்குப் பயிற்சி தரவும் சனிக்கிழமைகளில் நேரம் ஒதுக்கக்கூடிய உறுப்பினர்கள் பெயர் கொடுக்க வேண்டும். பணத்தைவிட இதற்குத்தான் இப்போது ஆள் பற்றாக்குறை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்