கடல் படிப்பில் சேருமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வந்ததும் களியக்காவிளை, கொல்லங்கோடு, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் கடல் படிப்புகளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. நாளிதழ்களின் உயர்கல்விப் பக்கங்களோ மரைன் இன்ஜினியரிங், நேவல் ஆர்க்கிடெக்சர், ஓஷன் இன்ஜினியரிங் மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுவிடுகின்றன. அதை நம்பிச் சேரும் பிள்ளைகள் தாங்கள் நினைக்காத வேலைக்குப் படித்து முடிக்கிறார்கள்.

மரைன் இன்ஜினியருக்கு வேலை கப்பலின் இயந்திர அறையில். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால், சிடிசி எனும் கடலோடிச் சான்றேடு வாங்கிக் கப்பலேறும் வழி அடைபடும். நிறக்குருடு இருந்தால் மருத்துவத் தகுதி கிடைக்காது. ஆகவே கட்டணம் கட்டும் முன்பே இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிட வேண்டும். நேவல் ஆர்க்கிடெக்சர் என்பது கப்பலை வடிவமைப்பது. ஓஷன் இன்ஜினியரிங் துறைமுகம், அலைத்தடுப்புச் சுவர், எண்ணெய்த் துரப்பண மேடை, கடலடிக் குழாய், கடல் காற்றாலை பற்றியது. இவ்விரண்டுக்கும் சிடிசி தேவையில்லை.

நம் கரைக்கு அவசரமாக வேண்டியவர்கள் ஓஷன் இன்ஜினியர்கள்தான். தேங்காப்பட்டணம் துறைமுக முகப்பில் மணல் மேடிட்டு, வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயின. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் விழிஞ்ஞத்தில், கட்டிக்கொண்டிருந்த அலைத்தடுப்புச் சுவரை 2017 ஒக்கிப் புயல் சிதைத்தது. கல்லைக் கொட்டினால் கடல் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கல்லின் எடை கூட வேண்டும் என்கிறது ஹட்சன் சூத்திரம். 3 மீட்டர் அலைக்குப் போட்ட சுவரில் 4 மீட்டர் அலை மோதினால், அதே சரிவில் நிற்க ஏறக்குறைய 2.4 மடங்கு எடையுள்ள கல் வேண்டும். பெரிய கல்லுக்கு அடியில் சிறு கல் அடுக்கோ வடிகட்டித் துணியோ இல்லையென்றால், இடுக்கு வழியே மணல் உருவப்பட்டுச் சுவர் இறங்கிவிடும். அடிவாரத்தை அலை அரித்தாலும் மேலிருக்கும் கல் சரியும். ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் அடுத்த ஊர்க் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் அரித்ததும் இதனால்தான்.

முன்னறிகுறி இல்லாமல் கரையேறி அடிக்கும் கள்ளக்கடலும் இந்தப் பாடத்துக்குள் வருவதே. ஆழ்கடலில் அலை நீளம் (மீட்டரில்), அலை நேரத்தின், அதாவது ஓர் அலை முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் விநாடிகளின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் வரும். 16 விநாடி அலை என்றால் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்கிவிடும். காற்றே இல்லாத நாளில் கரை வாங்கும் அடிக்கு, தொலைவில் தென்பெருங்கடலில் எழும் இந்த நீண்ட அலைகளே காரணம்.

கப்பல் வடிவமைப்பு, ஓஷன் இன்ஜினியரிங் படிக்கச் சென்னை, கரக்பூர் ஐஐடிகளில் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்துக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வான ஐஎம்யு செட். நமக்குக் கிட்டத்தில் இருக்கும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) கப்பல் வடிவமைப்பு உண்டு. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இடங்கள் குறைவு. கிடைக்காதவர்கள் சோர வேண்டாம்: சிவில், மெக்கானிக்கல் முடித்து கேட் தேர்வு எழுதி, சென்னை ஐஐடியிலோ சுரத்கல் என்ஐடியிலோ எம்.டெக் படிக்கலாம். உள்ளதைச் சொன்னால் நம் மாணவர்கள் பலருக்கு இதுவே நல்ல வழி; நான்கு ஆண்டில் மனம் மாறினாலும் கையில் சிவில் பட்டம் இருக்கும்.

வேலை கப்பல் தளங்களிலும், இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற தரச்சான்று அமைப்புகளிலும், துறைமுக வடிவமைப்பு நிறுவனங்களிலும், தூர்வாரும் நிறுவனங்களிலும் இருக்கிறது. ஆய்வில் நாட்டமுள்ளவர்களுக்குச் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி), ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்), புனேயில் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம். அரசுப் பணி அறிவிப்பு வந்தால்தான். ஆண்டுதோறும் வரும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மண் இயக்கவியலை விருப்பமில்லாமல் படிப்பவர்கள் நேர்காணலில் தடுமாறுவார்கள், ஏனென்றால் மேடையும் சுவரும் நிற்பது கடலடி மண்ணில். மென்பொருள் மட்டும் கற்றால் போதாது. அலை விசையைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்காதவருக்குத் திரையில் பத்து மடங்கு தவறான எண் வந்தாலும் தெரியாது.

மூன்று படிப்புகளையும் மூன்று கட்டங்களாகப் பிரித்து, நுழைவுத் தேர்வு, மருத்துவத் தகுதி, பணியிடம் மூன்றையும் எதிரெதிரே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேட் தேர்வில் 2022 முதல் நேவல் ஆர்க்கிடெக்சர், மரைன் இன்ஜினியரிங்குக்குத் தனித் தாள் இருக்கிறது. எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டால், சிவில் மாணவர் தவறான தாளைத் தேர்ந்து ஓராண்டை இழக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் ஆசிரியர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்